நாரி நோவும் மீன் தலைக் கல்லும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கட்டுரைகளை மூன்று வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தரம். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். காலை ஒன்பது மணியிலிருந்து இரவு ஏழரை வரை நின்றபடிதான் வேலை. துணி ரோல்களை மேல்தட்டிலிருந்து இறக்குவதும் திரும்ப ஏற்றுவதும் என் பொறுப்பு. வயது 44. இரண்டு வருடமாக நாரி நோ, கீழ்முதுகில். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிதாக ஒன்றுமில்லை, பாரம் தூக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பாரம் தூக்காமல் எனக்கு யார் சம்பளம் தருவார்கள்?

மகன் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறான். போன கிழமை வாட்ஸப்பில் வந்த ஒரு காணொளியைக் கொண்டுவந்து காட்டினான். மனிதன் இந்தப் பூமிக்குரியவன் இல்லையாம். ஈர்ப்பு குறைந்த வேறு கிரகத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவனாம். அதனால்தான் மனிதனுக்கு மட்டும் முதுகு நோ வருகிறதாம், எந்த மிருகத்துக்கும் வருவதில்லையாம். வெயில் நமக்கு ஒத்துக்கொள்ளாததும், பிள்ளைப்பேறு இவ்வளவு கஷ்டமாக இருப்பதும் அதனால்தானாம். நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் 25 மணித்தியாலமாம், அது செவ்வாயின் நாளோடு பொருந்துகிறதாம். இலங்கைக்குத் தெற்கே கடலில் ஈர்ப்பு குறைந்த ஒரு குழி இருக்கிறது என்றும் சொல்கிறார்கள்.

மகன் கேட்கிறான், "அப்பா, அப்ப நாங்கள் படிக்கிற கூர்ப்பு (பரிணாமம்) பொய்யா?" எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், நோவு கூடின இரவுகளில் அந்தக் காணொளி எனக்கு ஒரு ஆறுதல் மாதிரியும் இருந்தது. என் நோவுக்கும் புவியீர்ப்புக்கும் சம்பந்தம் இருக்கிறதா? நாங்கள் எங்கேயிருந்து வந்தோம்?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகன்
(பெயர் போட வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் அம்மாவின் கட்டிலருகே இருந்தேன். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம். அங்கே கண்ட ஒன்றிலிருந்துதான் இந்தப் பதிலைத் தொடங்க வேண்டும்.

அம்மா பங்குனி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் வெடிப்பு. ஆறு கிழமை படுக்கை. ஏழாவது கிழமை பிசியோதெரபி செய்கிற பிள்ளை ஒருத்தி வந்து, "அம்மா, இண்டைக்கு எழும்பி நிக்கப் போறம்" என்றாள். உடனே நிறுத்தவில்லை. முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு இருத்தினாள். ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்தாள். பிறகு இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினாள். அம்மாவின் பாதம் சீமெந்துத் தரையில் முழுதாகப் பதிந்ததைப் பார்த்தேன். விரல்கள் விரிந்து தரையைப் பற்றின. நான்கு எண்ணுவதற்குள் உதடு வெளுத்துவிட்டது. "கண் இருட்டுது பிள்ளை" என்றார். அந்தப் பிள்ளை பதறாமல் திரும்ப இருத்தி, நாடி பார்த்து, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தூக்கினாள். மூன்றாம் தரம் அம்மா இருபது எண்ணும் வரை நின்றார். வெள்ளவத்தைச் சந்தைக்கு நடந்துபோய் இரண்டு பையோடு திரும்பி வந்த கால்கள் அவை. கெண்டைக்காலில் தோல் தளர்ந்து தொங்கியது.

தம்பி, நாம் ஒரு நாளைக்கு நூறு தரம் எழும்பி நிற்கிறோம். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்து நிற்கும் கணத்தில் அரை லீற்றருக்கும் மேலான இரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்திலிருந்து மூளைக்கு ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் ஏற்றம். அந்த ஏற்றத்துக்கு மட்டும் பிரஷரில் 22, 23 புள்ளி செலவாகிறது. டொக்டர் 120க்கு 80 என்று எழுதித் தருகிறாரே, அதே புள்ளிதான். கழுத்தில் பெரிய நாடி இரண்டாகப் பிரிகிற இடத்தில் அமுக்கம் குறைவதை உணர்கிற நரம்பு நுனிகள் இருக்கின்றன. நீங்கள் கதிரையை விட்டு எழும்பியதும் அவை மூளைக்குச் சொல்கின்றன. இதயம் வேகம் கூட்டுகிறது, காலிலுள்ள குழாய்கள் இறுகுகின்றன, கெண்டைக்கால் தசை நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. எல்லாம் சில நொடிக்குள். நமக்குத் தெரிவதே இல்லை. ஆறு கிழமை படுத்தே கிடந்ததில் அம்மாவின் உடம்புக்கு இந்த வேலை மறந்துபோயிருந்தது.

இப்போது காணொளிக்கு வருவோம். செவ்வாயில் ஈர்ப்பு இங்கே உள்ளதில் 38 சதவீதம்தான். அங்கே உருவான உடம்புக்கு அந்த 30 சென்ரிமீற்றர் ஏற 9 புள்ளி போதும். அப்படிப்பட்ட ஒருவர் வந்து இறங்கினால் முதுகு நோவைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் இருக்காது. நிமிர்ந்த இடத்திலேயே மயங்கி விழுவார். நம் இதயமும் நாடிகளும் கழுத்து நரம்பும் 23 புள்ளிக்குக் கணக்குப் பார்த்து வைத்த மாதிரி இருக்கின்றன. பூமியின் எடை அவற்றுக்குத் தெரியும்.

ஈர்ப்பு குறைந்தால் முதுகு சுகப்படும் என்று நினைக்கத் தோன்றும். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். நல்லவேளையாக அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சுனிதா வில்லியம்ஸை உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். எட்டு நாள் பயணம் என்று 2024 ஜூனில் போனவர் 286 நாள் கழித்து 2025 மார்ச்சில்தான் திரும்பினார். அவர் இருந்த விண்வெளி நிலையம் 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கேயும் பூமியின் ஈர்ப்பு பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் ஒன்றாகப் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால் எடை தெரிவதில்லை, அவ்வளவுதான். கயிறு அறுந்த லிஃப்டுக்குள் நிற்பது போல.

அந்த எடையில்லாத இடத்தில் என்ன நடக்கிறது? முள்ளந்தண்டு நீள்கிறது. ஆள் 3 சதவீதம் வரை, அதாவது ஐந்து சென்ரிமீற்றர் அளவுக்கு, உயர்ந்துவிடுகிறார். போன முதல் நாட்களில் விண்வெளி வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முறையிடுவது எதைப் பற்றித் தெரியுமா? முதுகு நோவைப் பற்றி. முழங்காலை நெஞ்சோடு மடக்கிச் சுருண்டு கிடந்துதான் அதைத் தணிக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு அவர்களுக்கு, முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையே மெத்தை போல இருக்கும் இடைத்தட்டு பிதுங்கும் அபாயம் மற்றவர்களைவிட நான்கு மடங்கு. பாரம் சுமந்து சுமந்துதான் அந்தத் தட்டுகளும் அவற்றைத் தாங்கும் தசைகளும் ஒழுங்காக இருக்கின்றன. பாரத்தை எடுத்துவிட்டால் அவை குழம்பிப் போகின்றன.

எலும்பின் கதை இன்னும் கடுமை. விண்வெளியில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இடுப்பெலும்பின் அடர்த்தி குறைகிறது. வயதான பெண்ணுக்கு ஒரு வருடத்தில் குறைகிற அளவு அங்கே ஒரு மாதத்தில் போய்விடுகிறது. அதைத் தடுக்கத்தான் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் பட்டியால் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், இயந்திரத்தை இழுக்கிறார்கள். எலும்பு சுண்ணாம்புத் தூண் போல உயிரில்லாத பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே உயிருள்ள கலங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் எலும்பு மயிரிழையளவு வளைகிறது, உள்ளேயுள்ள நீர் அசைகிறது, அந்த அசைவைக் கலங்கள் உணர்ந்து "இங்கே பாரம் வருகிறது, இன்னும் கட்டு" என்று அறிவிக்கின்றன. அசைவு நின்றால் கட்டுவதும் நிற்கிறது. யூலியஸ் வுல்ஃப் என்ற ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் 1892இலேயே, எலும்பு தன்மேல் வரும் பாரத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று எழுதிவிட்டார். அதே ஜேர்மனியில், கொலோன் நகரில், இன்றைக்கு ஆட்களைத் தலைப்பக்கம் 6 பாகை தாழ்ந்த கட்டிலில் 60 நாள் படுக்கவைத்து ஆராய்கிறார்கள். விண்வெளியில் உடம்புக்கு என்ன ஆகும் என்று பூமியிலேயே தெரிந்துகொள்ள அதுதான் வழி. அம்மா ஆறு கிழமை இருந்ததும் ஏறக்குறைய அந்த விண்வெளிதான்.

சரி, உடம்பு ஈர்ப்போடு பழகியிருக்கலாம், ஆனால் ஆரம்பம் வேறு இடமாக இருக்கக் கூடாதா என்று உங்கள் மகன் கேட்பான். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு மீன் தலையில் பதில் இருக்கிறது.

நீங்கள் மீன் தலைக் குழம்பு சாப்பிடுகிறவராக இருந்தால், மூளைப்பக்கத்தை உறிஞ்சும்போது பல்லில் கடிபடுகிற வெள்ளைக் கல்லைக் கண்டிருப்பீர்கள். சின்ன வயதில் அம்மம்மா அதை எடுத்துக் கழுவி என் உள்ளங்கையில் வைப்பார். அரிசியைவிடச் சற்றுப் பெரிது, ஒரு பக்கம் குழிந்து, ஓரம் பல்லுப் பல்லாக, பாலில் நனைத்த மாதிரி இருக்கும். அது மீனின் காதுக்கல். கல்சியம் காபனேற்றினால் ஆனது. மெல்லிய மயிர்கள் கொண்ட உணர்கலங்களின் மேல் அது இருக்கிறது. மீன் சரிந்தால் கல்லின் பாரம் அந்த மயிர்களை ஒரு பக்கமாகச் சாய்க்கும். மேல் எது, கீழ் எது என்று மீனுக்கு அப்படித்தான் தெரிகிறது. கலங்கல் தண்ணீரிலும், இருட்டிலும்.

உங்கள் காதிலும் அது இருக்கிறது, தம்பி. செவிப்பறைக்கு உள்ளே, எலும்புக்குள் புதைந்த இரண்டு சின்னப் பைகளில். நமக்கு அது ஒரே கல்லாக இல்லை, பொடிப்பொடியான பளிங்குத் துகள்கள். பொருள் அதே கல்சியம் காபனேற்று. கீழே அதே மயிர்க்கலங்கள். வேலையும் அதே வேலை. கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் நின்றாலும், சாரதி பிரேக் போடுகிறார், பஸ் காலி வீதியில் இடப்பக்கம் சாய்கிறது என்று தெரிகிறதே, அது இந்தத் துகள்களின் பாரத்தால்தான். வயதானவர்களுக்குக் கட்டிலில் புரண்டு படுக்கும்போது வீடே சுற்றுகிற மாதிரி ஒரு தலைச்சுற்று வரும். துகள்களில் சில இடம் மாறிப் பக்கத்துக் குழாய்க்குள் விழுந்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். டொக்டர் தலையை ஒரு முறையாகத் திருப்பித் திருப்பியே அவற்றைத் திரும்பப் பைக்குள் விழவைக்கிறார்.

வேறு கிரகத்திலிருந்து வந்த ஒரு உயிருக்கும் நம் கடலில் நீந்தும் மீனுக்கும் ஈர்ப்பை அறிய ஒரே கருவி, ஒரே பொருளில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி மயிர்க்கலங்களின் மேல் அமையுமா? எத்தனையோ விதமாக அமைந்திருக்கலாம். ஒரே மாதிரி இருப்பது உறவு என்பதால்தான். 2004இல் கனடாவின் வட துருவப் பக்கத் தீவொன்றில் 37.5 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு மீனின் எச்சங்களைத் தோண்டி எடுத்தார்கள். திக்தாலிக் என்று பெயர் வைத்தார்கள். செதிலும் செட்டையும் மீனுக்குரியவை. ஆனால் கழுத்து இருந்தது, செட்டைக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகள் இருந்தன, விலா எலும்புகள் பாரம் தாங்கும்படி தடித்திருந்தன. தண்ணீருக்குள் எடை தெரியாது. ஆழங்குறைந்த நீரில் உடம்பை ஊன்றித் தூக்குவதற்கு அதெல்லாம் வேண்டியிருந்தது. உங்கள் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் தொடக்கம் அந்தப் பக்கத்தில்தான்.

ஈர்ப்பு மனிதனை மட்டும் செதுக்கவில்லை. மரமேறுகிற பாம்புகளில் இதயம் தலைக்குக் கிட்ட இருக்கிறது. கடல் பாம்புகளில் உடம்பின் நடுப்பக்கமாகத் தள்ளி இருக்கிறது. மரத்தில் செங்குத்தாக ஏறும் பாம்புக்கு இரத்தத்தை மேலே அனுப்ப வேண்டும். கடலில் கிடக்கிறதுக்கு அந்தக் கவலை இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இனி உங்கள் நாரி.

பிறந்த குழந்தையின் முதுகு ஒரே வளைவு. வில் மாதிரி. குப்புறப் படுத்துத் தலையை நிமிர்த்தும்போது கழுத்தில் ஒரு எதிர்வளைவு வருகிறது. இருக்கவும் எழும்பி நிற்கவும் பழகும்போது நாரியில் இன்னொன்று. நம் புலவர்கள் பிள்ளைத்தமிழில் இதற்கு ஒரு பருவமே வைத்தார்கள். செங்கீரை. இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, தலையை உயர்த்திக் குழந்தை ஆடுகிற பருவம். பிறகு தத்தித் தத்தி நடந்து வருவதற்கு வருகைப் பருவம். ஒரு குழந்தை புவியீர்ப்போடு மல்லுக்கட்டி எழும்புவதை இத்தனை நூற்றாண்டாகத் தமிழில் கொண்டாடியிருக்கிறார்கள். உங்கள் மகன் முதன்முதலில் தலையை நிமிர்த்திய நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அன்றைக்கு அவனுடைய முள்ளந்தண்டு மனித முள்ளந்தண்டாகத் தொடங்கியது.

அந்த நாரி வளைவுதான் உடம்பின் பாரத்தை நேராக இடுப்புக்கு மேலே கொண்டுவந்து நிறுத்துகிறது. சிம்பன்சிக்கு நாரிப் பகுதியில் 3 அல்லது 4 முள்ளென்புகள், நமக்கு 5. பெண்களுக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. வயிற்றில் பிள்ளை வளரும்போது பாரம் முன்னுக்குத் தள்ளும். நிறைமாதப் பெண் ஒருத்தி பஸ்ஸுக்கு நிற்பதைப் பக்கவாட்டில் பாருங்கள். தோளைப் பின்னுக்குச் சரித்து, நாரியை வளைத்துத்தான் நிற்பாள். அந்த வளைவுக்கு உதவியாக ஆப்புப்போல் சரிவான முள்ளென்புகள் ஆண்களுக்கு இரண்டு என்றால் பெண்களுக்கு மூன்று என்று 2007இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதே வேறுபாடு இருபது இலட்சம் ஆண்டுக்கு முன் ஆபிரிக்காவில் வாழ்ந்த நம் மூதாதைகளின் எலும்பிலும் இருக்கிறது. தன்சானியாவில் லாயிதோலி என்ற இடத்தில், எரிமலைச் சாம்பல் மழையில் நனைந்து இறுகியதில் 36 இலட்சம் ஆண்டுக்கு முந்தைய காலடித்தடங்கள் பதிந்து கிடக்கின்றன. தொல்மனித ஆய்வாளர் மேரி லீக்கியின் குழு 1978இல் அவற்றைத் துலக்கியது. 27 மீற்றர் தூரத்துக்கு எழுபது தடங்கள். முதலில் குதிக்கால் ஆழமாக ஊன்றியிருக்கிறது, கடைசியில் பெருவிரல் உந்தியிருக்கிறது. நீங்கள் ஈரமணலில் நடந்தாலும் பாரம் அந்த வழியாகத்தான் போகும்.

அப்படியென்றால் நோவு ஏன்? நான்கு காலில் கொடி மாதிரிக் கிடந்த முள்ளந்தண்டை எடுத்துத் தூண் மாதிரி நிறுத்தியிருக்கிறோம். கூர்ப்பு புதிதாக வரைந்து கட்டுவதில்லை, இருப்பதைத் திருத்தித்தான் கட்டும். இதில் என்னை மிகவும் பாதித்த ஆய்வு 2015இல் வந்தது. பழைய எலும்புக்கூடுகளின் முள்ளென்புகளைச் சிம்பன்சி, ஒராங்குட்டான் ஆகியவற்றின் முள்ளென்புகளோடு ஒப்பிட்டார்கள். இடைத்தட்டு பிதுங்கிய தழும்புள்ள மனித முள்ளென்புகள், தழும்பில்லாதவற்றைவிடச் சிம்பன்சியின் வடிவத்துக்குக் கிட்ட இருந்தன. நிமிர்ந்து நடப்பதற்கேற்ற மாற்றம் எல்லோருக்கும் ஒரே அளவாக வந்து சேரவில்லை. உங்கள் எக்ஸ்ரேயில் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் முதுகு நோ ஒரு திசையைக் காட்டுகிறது என்றால், அது ஆபிரிக்கக் காட்டைக் காட்டுகிறது, வானத்தைக் காட்டவில்லை. 2020இல் உலகத்தில் 61.9 கோடிப் பேருக்கு நாரி நோ இருந்ததாகக் கணக்கு. நீங்கள் தனியாள் இல்லை.

மிருகத்துக்கு முதுகு நோ வராது என்பதும் தவறு. கொழும்பில் பல வீடுகளில் வளர்க்கிற, நீண்ட உடம்பும் கட்டைக்காலும் உள்ள டாஷ்ஹண்ட் நாய்க்கு இடைத்தட்டு பிதுங்கிப் பின்னங்கால் இழுத்துவிடுவது மிருக வைத்தியர்கள் அடிக்கடி காண்பது. குதிரைக்கும் முள்ளென்புகள் ஒன்றோடொன்று உரசி நோவு வரும். வெயில் பன்றியையும் சுடும். யானை சேறு பூசிக்கொள்வதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. 25 மணித்தியாலக் கணக்கு பழையது. அந்தச் சோதனைகளில் ஆட்கள் தாங்களாகவே லைட்டைப் போட்டு அணைக்க விட்டிருந்தார்கள், வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியது. 1999இல் ஹார்வர்டில் அதைச் சரிசெய்து அளந்தபோது 24 மணி 11 நிமிடம் வந்தது. செவ்வாயின் நாள் 24 மணி 39 நிமிடம். பிள்ளைப்பேறு கஷ்டமானதற்கு, நடப்பதற்கேற்றபடி குறுகிய இடுப்புக்கூடும் பெருத்த தலையும் சேர்ந்ததே முக்கிய காரணம் என்பது பரவலான விளக்கம்.

மகனுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். ஆடும் நாயும் விற்றமின் சியைத் தங்கள் உடம்பிலேயே செய்துகொள்கின்றன. நமக்கு நெல்லிக்காயும் தோடம்பழமும் வேண்டும். அதைச் செய்கிற மரபணு நம்மிடமும் இருக்கிறது, உடைந்துபோய். குரங்குகளிலும் வாலில்லாக் குரங்குகளிலும் அது உடைந்திருக்கிறது, நம்முடையதோடு பொருந்துகிற இடங்களில். இரண்டு பிள்ளைகள் விடைத்தாளில் ஒரே சரியான விடையை எழுதினால் இருவரும் படித்தவர்கள் எனலாம். ஒரே எழுத்துப்பிழையை ஒரே வரியில் விட்டிருந்தால், ஒன்றைப் பார்த்துத்தான் மற்றது வந்திருக்க வேண்டும். மகன் பரீட்சை எழுதுகிற பிள்ளை, இது அவனுக்குச் சட்டென்று விளங்கும்.

இலங்கைக்குத் தெற்கேயுள்ள குழி உண்மை. ஈர்ப்பு அங்கே சற்றுக் குறைவு என்பதால் கடல் மட்டம், கணக்கில் இருக்க வேண்டியதைவிட 106 மீற்றர் தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போகிறவருக்குத் தெரியாது, அத்தனை பரந்த சரிவு. அங்கே உங்கள் எடையில் சில கிராம்தான் குறையும். கொழும்பிலிருந்து வடதுருவத்துக்குப் போனால் வருகிற மாற்றம் அதைவிடப் பெரிது, 60 கிலோ ஆளுக்கு 300 கிராம் கூடும்.

ஆனால் காணொளி முழுவதையும் தூக்கி எறியவும் எனக்கு மனமில்லை. வானத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதைத் தேடியவர்களில் இருவர் நம் நாட்டவர். காலி நகரில் 1923இல் பிறந்த சிறில் பொன்னம்பெரும, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பிறகு இரசாயனத்துக்குப் போய், நாசாவில் உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தவர். 1969 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதையும், அவை பூமியில் ஒட்டியவை அல்ல, விண்கல்லோடு வந்தவை என்பதையும் அவரும் குழுவினரும் அடுத்த ஆண்டே காட்டினார்கள். நம் புரதங்கள் எல்லாம் அமினோ அமிலங்களைக் கோத்துக் கட்டியவை. கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்க இன்னும் ஒரு படி மேலே போய், ஆங்கில வானியலாளர் ஃபிரெட் ஹொயிலோடு சேர்ந்து, உயிரே வால்வெள்ளிகளில் வந்தது என்று வாதாடினார். பெரும்பாலான விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. ஆனால் அது மதிக்க வேண்டிய கேள்வி. அவர் பேசியது பெரும்பாலும் நுண்ணுயிர்களைப் பற்றி. நாரியும் முழங்காலும் உள்ள மனிதனை யாரோ கொண்டுவந்து இறக்கியதைப் பற்றி அல்ல. காணொளி இந்த இரண்டையும் கலந்துவிட்டது. மகனுக்கு முதலில் பிரித்துக் காட்ட வேண்டியது அதைத்தான்.

மனிதன் இந்தத் தீவுக்கு வந்த வழியும் மண்ணில்தான் இருக்கிறது. களுத்துறை மாவட்டத்தில் பாகியங்கலக் குகையில் 48,000 ஆண்டுக்கு முன் மனிதர் வாழ்ந்த தடயங்களும் எலும்பில் செதுக்கிய அம்புமுனைகளும் கிடைத்தன. குரங்கையும் மர அணிலையும் அம்பெய்து வேட்டையாடியவர்கள். அண்ணாந்து பார்த்து வில்லை இழுத்தபோது அவர்களுக்கும் நாரி வலித்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நோவு கூடின இரவில் அந்தக் காணொளி ஆறுதலாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் நெடுநேரம் நின்றேன். இது என் இடம் இல்லை, அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது என்று நினைத்தால் கொஞ்சம் இலேசாகத்தான் இருக்கும். ஆனால் தம்பி, பத்தரை மணித்தியாலம் ஒரே இடத்தில் நிற்கச் சொல்வது பூமி இல்லை. இந்த உடம்பு நடக்க உருவானது. அசையாமல் நின்றால் கெண்டைக்கால் பிழியாது, தசை இறுகும், தட்டு ஒரே பக்கம் அமுங்கும். கடையில் ஒரு தாழ்ந்த பெட்டியை வைத்து, ஒரு காலை அதில் ஏற்றி, கொஞ்ச நேரத்துக்கொரு தரம் மாற்றிக்கொள்ளுங்கள். ரோலை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி எடுங்கள். கையை நீட்டித் தூக்கினால் நாரிக்கு அது பல மடங்கு பாரம். மத்தியானம் பத்து நிமிடமாவது நடவுங்கள். நாள் முழுக்கப் படுப்பது நோவைக் கூட்டும், அம்மாவைப் பார்த்துச் சொல்கிறேன். கால் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

முதலாளி நின்றே வேலை செய்யச் சொல்கிறாரா, ஆள் வராத நேரத்தில் ஒரு ஸ்டூலில் இருக்க விடமாட்டாரா? கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை விளைமீன் தலை வாங்கினால் குழம்பு வைத்த பிறகு கல்லைத் தேடி மகனிடம் எடுத்துக் கொடுங்கள். மூளைக்குக் கீழே, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். சுறாவில் தேட வேண்டாம், அதற்கும் நம்மைப் போலப் பொடிதான். கழுவிக் காயவைத்து வெளிச்சத்தில் பிடித்தால் மரத்துக்கு இருப்பதுபோல வளையங்கள் சிலவேளை தெரியும், அதை வைத்து மீனின் வயதையும் எண்ணுகிறார்கள். எத்தனை வளையம் எண்ணினான் என்று மகனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா
வெள்ளவத்தை